கன்றிச் சிவக்கும் தோலும் வேலூர் வெயிலும்: பல வருட சன்ஸ்க்ரீன் அனுபவம்

எங்கள் பக்கம் வெயில் பட்டால் கருப்பவர்கள்தான் அதிகம், கன்றிச் சிவப்பவர்கள் குறைவு. நான் சிவக்கிற ரகம். அம்மா வழியில் எல்லாருக்குமே வெளுத்த தோல். உச்சி வெயிலில் அரை மணி நேரம் நின்றால் போதும், மூக்கு, கன்ன மேடு, பின் கழுத்து, முன்கை எல்லாம் சாயங்காலத்துக்குள் சிவந்துவிடும். ராத்திரி தலையணை பட்டாலே எரியும். நாலைந்து நாளில் தோல் உரிய ஆரம்பிக்கும்.

வேலையோ வெயிலில்தான். நான் கிராம சுகாதார செவிலியர். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்தில் ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போகிறேன். தடுப்பூசி நாள், கர்ப்பிணிகள் வீடு, குழந்தை பிறந்த வீடு என்று ஒரு நாளின் பெரும்பகுதி வெளியிலேயே போகும். அதனால் சன்ஸ்க்ரீனை நான் ஹெல்மெட் வைத்திருக்கும் அலமாரியில் வைத்திருக்கிறேன், பவுடர் டப்பாவோடு வைப்பதில்லை. பல கம்பெனிகளின் க்ரீம், ஜெல், ஸ்டிக், ஸ்பிரே எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று. பிராண்ட் பெயர் சொல்லி எழுதப் போவதில்லை. ஒரே பெயரில் வரும் டியூப்பில்கூடச் சேர்மானம் மாறிவிடுகிறது. பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணி மூடுகிற இடத்துக்குத் துணிதான். துணி மூடாத இடத்துக்கு மட்டும் க்ரீம், அதுவும் தாராளமாக. இதில் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் நம்பிய நாட்களில் எனக்கு எரிச்சல் தப்பியதில்லை.

நம் ஊரில் வெயில் என்றால் எல்லாரும் சூட்டைத்தான் கணக்கில் வைக்கிறார்கள். தோலைக் கன்ற வைப்பது சூடு கிடையாது, புற ஊதாக் கதிர். அதை உடம்பால் உணர முடியாது. சூடு உச்சத்துக்குப் போவது மத்தியானம் 2, 3 மணிக்கு. புற ஊதா உச்சத்தில் இருப்பது சூரியன் உச்சியில் நிற்கும்போது. வேலூரில் அது ஏறக்குறைய 12.15. அதனால் காலை 10 மணியிலிருந்து 2 மணி வரைதான் என் தோலுக்கு ஆகாத நேரம். "ரெண்டு மணிக்கு மேல போவாத, அனல் அடிக்குது, பதினோரு மணிக்கே போய்ட்டு வந்துடு" என்று வீட்டில் அக்கறையோடு சொல்வார்கள். மயக்கம் வராமல் இருக்க அது சரியான யோசனை. என் தோலுக்கு அது நேர் எதிர்.

மாதக் கணக்கும் இதேபோல்தான். அக்னி நட்சத்திரத்தில் எனக்குப் பெரிதாகக் கன்றியதே இல்லை. அப்போது ஊரே ஒதுங்கி நிற்கும், நானும் முக்காடு போட்டுத்தான் வண்டி எடுப்பேன். கன்றுவதெல்லாம் தை, மாசியில். காற்று குளுகுளுவென்று இருக்கும், வெயில் இதமாகத் தெரியும், யாரும் குடை எடுக்க மாட்டார்கள். ஆனால் நாம் இருப்பது 13 டிகிரி அட்சரேகைக்குப் பக்கத்தில். மார்கழியில்கூட நடுப்பகல் சூரியன் பாதி உயரத்துக்கு மேலேதான் நிற்கும். சிவராத்திரி முடிந்து மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் பாலாற்றங்கரையில் கூட்டம் கூடும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வெயில், கீழே வெள்ளை மணல். உலர்ந்த மணல் தன் மேல் விழும் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 15 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். தலைக்குத் துண்டு போட்டிருந்தாலும் தாடைக்கு அடியிலும் மூக்குக்குக் கீழேயும் சிவப்பது அதனால்தான். தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று வேலூரைப் பற்றிச் சொல்வார்களே, என் தோலுக்கு இரண்டும் நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம்.

சித்திரையில் ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அதன் பிறகு வடக்கே போய்த் திரும்பி, ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடியும் நேர் மேலே வருகிறது. இரண்டாவது முறை வருவதை யாரும் கவனிப்பதில்லை. ஆடி, ஆவணியில் மேகம் போட்டுக் காற்று அடிக்கும், படவேடு ரேணுகாம்பாள் கோயில் வரிசையில் மணிக்கணக்காக நிற்போம். மெல்லிய மேகம் கதிரை முழுதாகத் தடுக்காது. பீஞ்சமந்தை பக்கம் மலைக்குப் போகிற நாளில் இன்னும் ஜாக்கிரதையாக இருப்பேன். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதா ஏறக்குறைய 10 விழுக்காடு கூடும். மேலே குளிர்ச்சியாக இருக்கும், அதனால் முகம் காய்வதே தெரியாது.

போனில் வானிலை பார்க்கும்போது புற ஊதாக் குறியீடு என்று ஒரு எண் வரும். 3 வந்தாலே பாதுகாப்பு வேண்டும், 8 வந்தால் மிக அதிகம், 11-ம் அதற்கு மேலும் உச்ச அபாயம். போன் பார்க்க முடியாதபோது நிழலைப் பார்ப்பேன். என் நிழல் என்னைவிடக் குட்டையாக இருந்தால் முகத்தில் க்ரீம் இருந்தாக வேண்டும்.

இனி அளவு. ஒரு சன்ஸ்க்ரீன் நல்லதா கெட்டதா என்று நாம் சொல்லும் தீர்ப்பில் பாதி இதில்தான் அடங்கியிருக்கிறது. டியூப் மேல் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். (SPF) எண், அதாவது வெயில் காப்பின் அளவு, ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் தடவிச் சோதித்து வாங்கியது. முகத்துக்கும் கழுத்துக்கும் என்றால் ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்துக்கொள்கிறோம். 50 என்று எழுதியிருக்கும் டியூப்பை அப்படிப் போட்டால் 50-க்கான காப்பு கிடைக்காது, பாதிகூடச் சந்தேகம். ஒழுங்காகப் போட்டால் ஒரு தடவைக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். காலையில் ஒரு தடவை, 11 மணிக்கு ஒரு தடவை என்று வைத்தால் 50 கிராம் டியூப் மூன்று வாரத்தில் காலியாக வேண்டும். ஒரு டியூப் ஆறு மாதம் வருகிறது என்று யாராவது சொன்னால், அந்த சன்ஸ்க்ரீனைப் பற்றி அவர் சொல்லும் எதையும் நான் எடுத்துக்கொள்வதில்லை.

செலவு இடிக்கும், மறுக்கவில்லை. மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகை, பிள்ளை பள்ளிக் கட்டணம் எல்லாம் போனபின் இதற்கு எடுத்து வைப்பது எளிதில்லை. அதற்கு நான் கண்டுபிடித்த வழி விலையில் இறங்கி வருவது. எஸ்.பி.எஃப். 15 என்றால் தோலை எரிக்கும் கதிரில் சுமார் 93 விழுக்காட்டைத் தடுக்கும், 30-ம் எண் சுமார் 97, 50-ம் எண் சுமார் 98. மேலே போகப் போக வித்தியாசம் சுருங்குகிறது. விலை கூடின 50-ஐச் சிக்கனமாகத் தடவுவதைவிட விலை குறைந்த 30-ஐ நிறையத் தடவுவது என் தோலுக்கு நன்றாக வேலை செய்தது. ஆனால் பி.ஏ. (PA) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் குறைந்தது மூன்று பிளஸ் குறியாவது இருக்க வேண்டும். எஸ்.பி.எஃப். எண் முக்கியமாகச் சிவக்க வைக்கும் யு.வி.பி. கதிருக்கானது. கருக்க வைத்து, நாளடைவில் சுருக்கமும் கொண்டுவரும் யு.வி.ஏ. கதிருக்கு இந்தப் பிளஸ் குறிகளைத்தான் பார்க்க வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி யு.வி.பி.யைப் பெரும்பாலும் தடுத்துவிடும், யு.வி.ஏ.வை உள்ளே விடும். வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் போனால் ஒரு பக்கக் கை மட்டும் கருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஜெல்லா, க்ரீமா என்று கேட்டால் முகத்துக்கு ஜெல் என்பேன். கெட்டியான க்ரீம் பின் கழுத்தில் வியர்வையோடு சேர்ந்து எனக்கு வேர்க்குரு கொண்டுவந்தது. ஆனால் தோல் உரிந்துகொண்டிருக்கும்போது ஸ்பிரிட் வாசனை வரும் ஜெல்லைத் தொடவே கூடாது, மிளகாய் பட்டதுபோல் எரியும். அந்த நாட்களுக்கும், கண்ணைச் சுற்றித் தடவுவதற்கும் ஜிங்க் ஆக்சைடு மட்டும் உள்ளதைத் தனியாக வைத்திருக்கிறேன். வெள்ளைப் பூச்சுத் தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும். வியர்வை வழிந்து கண்ணில் இறங்கினாலும் அது எரிவதில்லை, ஊசி போடும்போது கண் எரிந்தால் வேலை கெடும். ஸ்பிரே வண்டி ஓட்டுகிறவர்களுக்கு உதவாது. பாதி காற்றில் போகிறது, மீதி எங்கே பட்டது என்றே தெரிவதில்லை.

வியர்வை தாங்கும் என்று போட்டிருந்தாலும் அது 40 நிமிடம் அல்லது 80 நிமிடக் கணக்குத்தான். துணை சுகாதார நிலையத்துக்கு வந்ததும் வெறும் தண்ணீரில் முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்ந்தபின் மறுபடி தடவுவேன். தூசி மேலேயே தடவினால் திட்டுத் திட்டாக நிற்கும்.

அடிக்கடி கேட்கிற இன்னொன்று, வெள்ளைத் துணியில் வரும் துருக் கறை. அவோபென்சோன் என்ற வேதிப்பொருள் இருக்கிற சன்ஸ்க்ரீனும் இரும்புச் சத்துள்ள போர் தண்ணீரும் சேர்ந்தால் ரவிக்கைக் கழுத்தில் ஆரஞ்சு நிறத்தில் கறை பிடிக்கும். ப்ளீச் போட்டால் இன்னும் அழுத்தமாகும். எலுமிச்சைச் சாற்றில் ஊற வைத்துத் தேய்த்தால் போகும்.

டியூப்பை ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சூடு ஏறி, க்ரீம் தண்ணியும் எண்ணெயுமாகப் பிரிந்துவிடும். பிரிந்ததைக் குலுக்கிப் போடுவதில் பயனில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். நான் தடுப்பூசிப் பையோடு தோளில் மாட்டும் கைப்பையில், ஈரத்துண்டுக்குள் சுற்றி வைக்கிறேன்.

துணி விஷயத்தில் என் அனுபவம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மெல்லிய வெள்ளைப் பருத்தி குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் கதிரை நிறைய உள்ளே விடும். வியர்வையில் நனைந்துவிட்டால் இன்னும் அதிகம் விடும். கைத்தறியில் நெருக்கமாக நெய்த, அடர் நிறத் துணிதான் முழுக்கைக்கு ஏற்றது. நடந்து போகும் ஊர்களில் கறுப்புக் குடை. நிறைய ஆயாக்கள் கறுப்புக் குடையோடுதான் சந்தைக்கு வருகிறார்கள், அவர்கள் பழக்கம் சரியானது. ஹெல்மெட்டின் முன் கண்ணாடியை இறக்கி விட்டால் முகத்துக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் கழுத்தின் V வடிவமும், கை விரல் மேல்பக்கமும், செருப்பு வார்களுக்கு நடுவே தெரியும் பாதமும் எப்போதும் மறந்து போகும் இடங்கள். காதோரமும் அப்படித்தான்.

இத்தனைக்குப் பிறகும் கன்றிவிட்டால்? சிவப்பு 3 முதல் 6 மணி நேரத்துக்குள் தெரிய ஆரம்பித்து, 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். சாயங்காலம் லேசாகச் சிவந்தால் ராத்திரி எரியும் என்று தயாராகிவிடுவேன். பானைத் தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றி ஒற்றி எடுப்பேன். ஐஸ் வைக்க மாட்டேன். ஈரம் இருக்கும்போதே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். நிறையத் தண்ணீர், மோர். கொப்புளம் வந்தால் உடைக்கக் கூடாது. கொப்புளம் பரவலாக வந்தாலோ, காய்ச்சல், குளிர், வாந்தி வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

எலுமிச்சை துணிக்குத்தான், தோலுக்கு வேண்டாம். கருமை போகும் என்று சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால், சாற்றில் இருக்கும் பொருளும் புற ஊதாவும் சேர்ந்து தோலைப் புண்ணாக்கிப் பழுப்புத் தழும்பை மாதக்கணக்கில் விட்டுவிடும். கன்றின தோலில் கடலை மாவு தேய்ப்பதும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் வறட்சிக்கு நல்லது, வெயிலைத் தடுக்க அது போதாது.

"இன்னா நர்சம்மா, மூஞ்செல்லாம் செவந்து கீது" என்று வாஞ்சையாகக் கேட்கிற ஊரே, சன்ஸ்க்ரீன் தடவுவதைப் பார்த்தால் "கலரு கொறைஞ்சிடும்னு பயப்புடுதா?" என்றும் கேட்கிறது. நிறம் குறைவதில் எனக்குப் பயமில்லை. முன்கை கருத்திருக்கிறது, இருக்கட்டும். ஆனால் கருத்த தோல் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். வெயிலில் ஏறிய கருமை தரும் காப்பு எஸ்.பி.எஃப். 3, 4 அளவுதான். அந்தக் கருமையே தோல் அடிபட்டதற்கான அடையாளம்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணம் வேறு. "அக்கா, உங்க மாதிரி ஆவறதுக்கு இன்னா க்ரீம் போடறீங்க?" என்று இளம் பெண்கள் கேட்கிறார்கள். கேட்கிற பலரின் பையில், வெளுக்க வேண்டும் என்று வாங்கிய, ஸ்டீராய்டு மருந்து கலந்த க்ரீம் டியூப் இருக்கிறது. 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அப்படியும் கைமாறி வந்துவிடுகிறது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரியும், பரு வரும், கொஞ்சம் வெயில் பட்டாலே முகம் எரியும். எனக்குப் பிறவியிலேயே இருக்கும் தொல்லையை அந்தப் பெண்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். பார்க்கும்போது மனசு கலங்குகிறது. திடீரென்று நிறுத்தினாலும் முகம் கொந்தளிக்கும், அதனால் டியூப்பைக் கையோடு எடுத்துப் போய்த் தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்கிறேன். பிரசவத்துக்குப் பின் மங்கு (முகத்தில் பழுப்புத் திட்டு) வந்தவர்களுக்கு மட்டும் நிறம் கலந்த, இரும்பு ஆக்சைடு சேர்ந்த சன்ஸ்க்ரீன் வாங்கச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும், சாதாரண சன்ஸ்க்ரீன் அதைத் தடுக்காது. ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள கைக்குழந்தைக்கு எதுவும் தடவ வேண்டாம். நிழலும் பருத்தித் துணியும் போதும்.