வார்த்தைக் கணக்கு: சொல்லைப் பிடிப்பதா, கட்டம் போடுவதா, எக்ஸ் வைப்பதா?

ஒருவருடைய சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வாடகைக்குப் போகிறது. மீதியில் மூன்றில் ஒரு பங்கு மளிகைக்கு. அப்புறம் கையில் 8,000 ரூபாய் நிற்கிறது. சம்பளம் எவ்வளவு?

மாலையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கொடுத்தேன். மூன்று விதமாகப் போட்டார்கள்.

முதல் வழி, சொல்லைப் பிடிப்பது. 'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி, 'தலா' என்றால் வகு. 'மீதி' கண்ணில் பட்டதுமே ஒரு பையன் 8,000-லிருந்து கழிக்க ஆரம்பித்துவிட்டான். சின்ன வகுப்பில் இந்த வழி பலித்துவிடுகிறது, அதனால்தான் விடமாட்டேன் என்கிறார்கள். ஆனால் '4 பேருக்குத் தலா 6 மிட்டாய்' என்றால் பெருக்கல். '24 மிட்டாயை 4 பேருக்குப் பிரித்தால் தலா எத்தனை' என்றால் வகுத்தல். சொல் ஒன்றேதான். 'மீனாவிடம் 12 மாங்காய். ரவியைவிட 5 அதிகம்' என்பதில் 'அதிகம்' என்று கூட்டினால் ரவிக்கு 17 வரும். அவனிடம் இருப்பது 7. 1980 வாக்கில் பிரான்சில் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: கப்பலில் 26 செம்மறி, 10 வெள்ளாடு, கேப்டனின் வயது என்ன? 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். கணக்கைப் படிக்காமல் எண்ணை மட்டும் பொறுக்கும் பழக்கம் அங்கே கொண்டுபோய் விடும். இந்த வழியை நான் யாருக்கும் சொல்லித்தருவதில்லை.

இரண்டாவது, கட்டம் போடுவது. 1980-களில் சிங்கப்பூர் தொடக்கப் பள்ளிகளில் பரவிய முறை. ஒரு நீளப் பட்டையை வரைந்து ஐந்து கட்டமாகப் பிரித்தாள் ஒரு பெண். இரண்டில் 'வாடகை' என்று எழுதினாள். மிஞ்சியது மூன்று கட்டம். அதில் மூன்றில் ஒன்று என்றால் ஒரே கட்டம், அது மளிகை. மிச்சம் இரண்டு கட்டம்தான் 8,000. ஒரு கட்டம் 4,000, ஐந்து கட்டம் 20,000. 'மீதியில் மூன்றில் ஒன்று' என்பதை முழுச் சம்பளத்தில் மூன்றில் ஒன்றாக எடுத்துக்கொள்வதுதான் இங்கே எல்லாரும் சறுக்கும் இடம். படத்தில் அந்தத் தவறு செய்யவே முடியாது, மீதி கண்ணெதிரே மூன்று கட்டமாக நிற்கிறது.

மூன்றாவது, எக்ஸ். சம்பளம் எக்ஸ், வாடகை ஐந்தில் இரண்டு எக்ஸ், இப்படியே போய் அதே 20,000. விடை சரி. ஆனால் அதைப் போட்ட பையனிடம், "மளிகைக்கு எவ்வளவுப்பா போச்சு?" என்றேன். திரும்ப முதலிலிருந்து போட்டுப் பார்த்தான். கட்டம் போட்டவள் விரலை வைத்து 4,000 என்று காட்டிவிட்டாள்.

அதற்காக எக்ஸைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 'நீளம் அகலத்தைவிட 5 மீட்டர் அதிகம், பரப்பு 84 சதுர மீட்டர்' என்ற கணக்கில் பட்டை கைகொடுக்காது. அகலத்தை எக்ஸ் என்று வைத்து, அதை எக்ஸ் கூட்டல் 5-ஆல் பெருக்கினால் 84 என்று எழுதித்தான் 7, 12 என்று வர வேண்டும்.

பின்னம், பங்கு, விகிதம் எல்லாவற்றுக்கும் முதலில் கட்டம் என்பதுதான் என் முடிவு. கை பழகியதும் ஒரு கட்டத்துக்குள் எக்ஸ் என்று எழுதச் சொல்கிறேன். இரண்டு எக்ஸ் 8,000 என்று அவர்களே சமன்பாட்டை எழுதிவிடுகிறார்கள்.