ஏற்காடு ஏறினால் மக்கர் செய்த சோர்க்கி: ஏழு வருட அனுபவம்

மாமா பீரோவில் கிடந்த சோர்க்கி 4 ஃபிலிம் கேமரா என் கைக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் 1956 முதல் 1973 வரை செய்த ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது தனி ஜன்னல் வழியாகப் பார்த்துத் தூரத்தைச் சரிசெய்யும் வகை. அதிலிருக்கும் ஜூப்பிட்டர்-8 லென்ஸைப் பற்றி ஒரு குறையும் இல்லை. பாடாய்ப் படுத்தியது ஷட்டர்தான்.

கீழே சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நடுப்பகலில் எடுத்தால் படம் பளிச்சென்று வரும். அதே ரோலில், மார்கழிக் குளிரில் ஏற்காடு பகோடா பாயிண்டில் எடுத்த படங்களுக்கு ஒரு ஓரம் கருத்துப் போயிருக்கும். ஷட்டர் வேகத்தை 1/1000 நொடி வைத்தால் பாதிப் படமே இருக்காது.

இந்த ஷட்டரில் இரண்டு துணித் திரைகள். முதல் திரை ஓட, இரண்டாவது பின்னாலேயே துரத்தும். நடுவிலுள்ள இடுக்கு வழியாகத்தான் ஃபிலிமுக்கு வெளிச்சம். வேகத்தைக் கூட்டினால் திரைகள் ஒன்றும் வேகமாக ஓடுவதில்லை, இடுக்குதான் குறுகுகிறது. 1/1000-ல் அது சில மில்லிமீட்டர்தான். முதல் திரை கொஞ்சம் சுணங்கினாலும் பின்னால் வருவது எட்டிப் பிடித்துவிடும். அங்கே கருப்பு.

முதலில் கொடுத்த கடையில் ஸ்பிரிங்கை முறுக்கித் தந்தார்கள். மூன்று மாதம் ஓடியது. மறுபடியும் அதே கருப்பு, மறுபடியும் முறுக்கு. கடைசியில் ஃபிலிமைச் சுற்றி ஷட்டரை ஏற்றும் குமிழைத் திருகவே விரல் வலித்தது.

அப்புறம்தான் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கீழ நல்லா ஓடுது, மலையேறுனா படுத்துக்குதுன்னா அது ஸ்பிரிங் கோளாறு இல்லீங்க தம்பி. உள்ள கிரீஸ் கெட்டியாயிருக்கும்.”

திறந்தால், பற்சக்கரங்களில் ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி பழுப்பாக ஒட்டியிருந்தது. லைட்டர் பெட்ரோலில் தூரிகையை நனைத்துத் துடைத்தார். திரைத் துணியில் மட்டும் ஒரு சொட்டுப் படவிடவில்லை. திரை சுற்றும் உருளைகளின் முனைகளில் ஊசி நுனியால் வாட்ச் ஆயில் தொட்டு வைத்தார். அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங்கின் டென்ஷனில் கை வைத்தார். அடிப்பக்கத்தில் திரைக்கு ஒன்றாக இரண்டு திருகுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைப் பூட்டும் குட்டித் திருகு. டென்ஷன் திருகை ஒரு திருப்புளியால் பிடித்துக்கொள்ளாமல் பூட்டுத் திருகைத் தளர்த்தினால் ஸ்பிரிங் சர்ரென்று மொத்தமாக அவிழ்ந்துவிடும். அவர் முந்தின கடையில் ஏற்றிய முறுக்கையெல்லாம் இறக்கிவிட்டு, கால் சுற்றுக் கால் சுற்றாகக் கூட்டினார்.

வீட்டில் சோதித்துப் பார்க்க அம்மாவின் பழைய டப்பா டிவி உதவியது. லென்ஸையும் பின்மூடியையும் கழற்றி, இருட்டறையில் டிவியைப் பார்த்துப் பிடித்து ஷட்டரைத் தட்டினால், சட்டத்துக்குள் சாய்வான ஒளிப்பட்டை தெரியும். ஒரே அகலமாக இருந்தால் இரண்டு திரையும் ஒத்துப் போகின்றன. ஒரு பக்கம் மெலிந்தால் சண்டை போடுகின்றன. எல்இடி டிவி இதற்கு ஆகாது.

அது நடந்து ஐந்து வருடம். குமிழ் இன்றைக்கும் லேசாகத்தான் சுற்றுகிறது. 1/1000-ஐ நான் இன்னும் நம்புவதில்லை. 500-க்கு மேல் போக அவசியமும் வந்ததில்லை. வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம்: ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஏதாவது சிக்கிக்கொள்ளும். வேக வட்டு ஷட்டரோடு சேர்ந்தே சுற்றும். அதன்மேல் விரல் பட்டால் வெளிச்சம் ஏறுமாறாகிவிடும். எனக்கு இன்னும் ரோலுக்கு ஒன்று இப்படிப் போகிறது.

சர்வீஸுக்குப் பிறகு வந்த ஒரே காயம் என் தப்பு. ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற வியூ பாயிண்டில் டீ குடிக்கும்போது மூடி போடாமல் கேமராவைச் சுவர்மேல் வைத்திருந்தேன், லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி. லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே வெயிலைத் தடுக்க இதில் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி எதுவும் கிடையாது. பூதக்கண்ணாடியால் காகிதம் எரிப்போமே, அதே கதைதான். திரையில் குண்டூசித் தலையளவு ஓட்டை. துணிக்குப் பூசும் கருப்பு பெயிண்டை மெலிதாக வைத்து அடைத்தேன். மூன்று வருடமாக நிற்கிறது.