பாதி ஃபைல் பிளேட்டுக்குப் போகக்கூடாது: ஃபைல்ஜில்லாவா, வின்எஸ்சிபியா?

மும்பை தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டை ஒட்டி எங்கள் டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், ஊர்ச் சங்கங்களின் ஆண்டு மலர் எல்லாம் இங்கே பக்கமாகி, லோயர் பரேலில் இருக்கும் அச்சகத்துக்கு நெட் வழியாகப் போகும். அப்படி ஃபைல் அனுப்ப உதவும் மென்பொருள்கள்தான் தலைப்பில் உள்ள இரண்டும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. கடையில் ஓடியது 32-பிட் என்ற பழைய வகை விண்டோஸ் 10. விண்டோஸ் 11 வருவதோ 64-பிட்டில் மட்டும். எனவே நவம்பரில் லாமிங்டன் ரோட்டுக்குப் போய்ப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்தோம்.

ஃபாண்ட், பேஜ்மேக்கர் காலத்துப் பழைய வேலைகள் எல்லாம் ஒருவழியாக இடம் மாறின. அச்சகத்துக்கு ஃபைல் அனுப்பும் மென்பொருள் மட்டும் மாறவில்லை. பல வருடங்களுக்கு முன் சிடியில் வாங்கியது அது. செட்டப்பை அழுத்தினால் 'இந்த ஆப் உங்கள் கணினியில் இயங்காது' என்ற அறிவிப்பு வந்து நின்றுவிட்டது. காரணம் எளிது. அந்தக் காலத்து மென்பொருள்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் நிரல் 32-பிட்டாக இருந்தாலும், அதை நிறுவித் தரும் செட்டப் அதைவிடப் பழைய 16-பிட்டாக இருக்கும். 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரலைத் தொடவே தொடாது. சுற்றுவழி ஏதாவது தேடியிருக்கலாம். ஆனால் அந்த மென்பொருளுக்குத் தெரிந்தது வெறும் எஃப்டிபி. பாஸ்வேர்டையும் ஃபைலையும் மறைக்காமல் அப்படியே லைனில் அனுப்பும் முறை. 1971-இல் எம்ஐடியில் இருந்த அபய் பூஷண், ஐஐடி கான்பூரின் முதல் அணி மாணவர், எழுதிய ஆவணத்திலிருந்து வளர்ந்தது அது. ஒருவரையொருவர் அறிந்த சில கணினிகளுக்காகப் பிறந்த முறையில் இன்றைக்கும் கடையின் பாஸ்வேர்டை அனுப்பிக்கொண்டிருப்பது சரியில்லை. சரி, இதோடு விட்டுவிடுவோம் என்று முடிவெடுத்தோம்.

இரண்டு வாரம் மூன்று மென்பொருள்களைப் போட்டுப் பார்த்தேன்: ஃபைல்ஜில்லா, வின்எஸ்சிபி, சைபர்டக். கடையில் இப்போது நிரந்தரமாக இருப்பது வின்எஸ்சிபி. மூன்றும் இலவசம், மூன்றும் திறந்த மூலம் (நிரலை யாரும் பார்க்கலாம்), மூன்றுக்கும் எஃப்டிபியும், எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எஃப்டிபியும் தெரியும், விண்டோஸ் 11-இல் மூன்றும் ஓடுகின்றன. ஒரே ஒரு பெரிய ஃபைலை அனுப்பும்போது வேகத்தைத் தீர்மானிப்பது நம் லைன்தான், மென்பொருள் இல்லை. கூகுள் டிரைவில் லிங்க் கொடுத்தால் போதாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். லிங்க் கொடுத்தால் அச்சகத்தில் ஒருவர் உட்கார்ந்து இறக்க வேண்டும். அங்கே நடப்பதோ வேறு, ஃபோல்டரில் வந்து விழுந்ததைக் கம்ப்யூட்டரே எடுத்துக்கொள்ளும்.

நான் முடிவெடுத்ததும் அந்த ஃபோல்டரை வைத்துத்தான். அச்சகக்காரர்கள் அதை ஹாட் ஃபோல்டர் என்பார்கள். அதில் ஒரு பிடிஎஃப் வந்தால், அதன் அளவு சில வினாடிகள் மாறாமல் இருக்கிறதா என்று மெஷின் பார்க்கும். மாறவில்லை என்றால் ஃபைல் முழுதாக வந்துவிட்டது என்று எடுத்துப் பக்கங்களை ஃபார்மாக, அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் தொகுப்பாக, அடுக்கி, அச்சுத் தகடான பிளேட்டுக்கு அனுப்பிவிடும்.

2023 ஜூலையில் நல்ல மழை. ஒரு ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலர், 48 பக்கம், 1.2 ஜிபி. அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த 10 எம்பிபிஎஸ் அப்லோடில் பதினாறு நிமிட வேலை. பழைய மென்பொருளில் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில் லைன் போய்விட்டது. அரை மணி நேரம் கழித்து அச்சகத்திலிருந்து போன். பிளேட் செக்‌ஷனில் இருப்பது வள்ளியூர்ப் பக்கத்துத் தம்பி.

"அண்ணாச்சி, மலர் 32 பக்கம்தானே? பிளேட் போட்டாச்சு."

"48 பக்கம் தம்பி!"

"இங்க 32தான் அண்ணாச்சி வந்திருக்கு. கணக்கா இருந்துச்சு, அதான் நான் கேக்கல."

அவன்மேல் தப்பில்லை. 16 பக்க ஃபார்ம் இரண்டு என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. பிடிஎஃப்பில் எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஃபைலின் கடைசியில்தான் இருக்கும். வால் அறுந்த பிடிஎஃப்பைச் சில மென்பொருள்கள் 'கெட்டுப்போன ஃபைல்' என்று தள்ளிவிடும். சிலவோ கிடைத்த வரைக்கும் அட்டவணையைத் தாங்களே கட்டி, வந்த பக்கங்களைக் காட்டிவிடும். அங்கே நடந்தது இரண்டாவது. பிளேட் காசு எங்கள் தலையில் விழுந்தது. சங்கத் தலைவருக்கு மலர் ஒரு நாள் தாமதம். அவர் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அதனால் இந்த முறை ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரே பரீட்சை. அதே மலரை, அச்சகத்தில் சொல்லி வைத்துவிட்டு, ஒரு தனி ஃபோல்டருக்கு அனுப்பினேன். பாதியில் நெட் கேபிளைப் பிடுங்கினேன். அந்தப் பக்கம் என்ன கிடக்கிறது என்று பார்த்தேன்.

ஃபைல்ஜில்லாவில், பாதி ஃபைல் முழுப் பெயரோடு கிடந்தது. பெயரைப் பார்த்து யாராலும் பாதியென்று சொல்ல முடியாது. கேபிளைச் செருகி மறுபடி அனுப்பினால், 'விட்ட இடத்திலிருந்து தொடரவா, மேலேயே எழுதவா' என்று ஒழுங்காகக் கேட்கிறது, தொடர்கிறது. ஆனால் அந்த இடைவெளி போதும் ஹாட் ஃபோல்டருக்கு.

வின்எஸ்சிபியில், எஸ்எஃப்டிபி வழியாக அனுப்பும்போது ஃபைலின் பெயர் முடிவில் '.ஃபைல்பார்ட்' என்று ஒரு வால் ஒட்டியிருக்கும். கடைசி பைட் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த வாலை எடுத்துவிட்டு உண்மையான பெயரை வைக்கும். கேபிளைப் பிடுங்கியபோது அந்தப் பக்கம் கிடந்தது வாலோடு இருந்த ஃபைல் மட்டுமே. பிடிஎஃப் என்ற பெயரில் எதுவும் இல்லை. கேபிளைச் செருகியதும் அதுவே மறுபடி இணைந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இதற்காக நான் எதையும் டிக் செய்யவில்லை. 100 கேபிக்கு மேலுள்ள ஃபைல்களுக்கு இது முதலிலிருந்தே இயங்கும்படி வைத்திருக்கிறார்கள். அந்த வால் நீங்கிப் பெயர் மாறுவதைத் திரையில் பார்த்த அன்றே என் மனம் தீர்மானித்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. வெறும் எஃப்டிபியில் அனுப்பினால் இந்த வால் வேலை நடக்காது. அச்சகத்திடம் எஸ்எஃப்டிபி கணக்கு கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கணக்குக்குப் பெயர் மாற்றும் அனுமதியும் இருக்க வேண்டும். எழுத மட்டும் அனுமதி கொடுத்திருந்தால் ஃபைல் முழுதாகப் போய்ச் சேர்ந்த பிறகு கடைசி நொடியில் பிழை காட்டும். எங்களுக்கு முதல் நாள் அப்படித்தான் ஆனது. இன்னொன்று, ஹாட் ஃபோல்டர் பிடிஎஃப் என்று முடியும் ஃபைல்களை மட்டும் எடுக்கும்படி அமைத்திருக்க வேண்டும். 'எது வந்தாலும் எடு' என்று இருந்தால் வாலோடு இருப்பதையும் எடுத்துவிடும். வள்ளியூர்த் தம்பியிடம் சொன்னேன், அவன் ஐந்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தான்.

ஃபைல்ஜில்லாவை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வெப்சைட் வேலை பார்ப்பவர்களுக்கு, ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல் அனுப்புபவர்களுக்கு, அது கைக்கு நன்றாக வரும். ஒரே நேரத்தில் பல ஃபைல்கள் போகும், வரிசை கீழே தெளிவாகத் தெரியும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே முகம். வின்எஸ்சிபியோ விண்டோஸில் மட்டும். ஃபைல்ஜில்லாவோடு இருப்பவர்கள் பாதி ஃபைல் பிரச்சினையைக் கையாலேயே தவிர்க்கலாம். பக்கத்தில் வேறொரு ஃபோல்டரில் ஏற்றிவிட்டு, முடிந்ததும் ஹாட் ஃபோல்டருக்குள் இழுத்துப் போட வேண்டும். அவசரத்தில், ராத்திரி பதினொரு மணிக்கு, அந்தக் கடைசி வேலையை மறக்காத ஆள் கடையில் வேண்டும். அப்புறம், அதன் விண்டோஸ் செட்டப்போடு வேறு மென்பொருள்களுக்கான சலுகைகளும் ஒட்டி வரக்கூடும். நிறுவும்போது ஒவ்வொரு திரையையும் படித்து அழுத்துங்கள்.

விண்டோஸிலேயே எஸ்எஃப்டிபி கட்டளை இருக்கிறது, 2018-லிருந்து. தனியாக எதுவும் நிறுவ வேண்டாம் என்பதால் முதலில் அதைத்தான் முயன்றேன். அச்சக சர்வர் பழையது. தன்னை அடையாளம் காட்ட அது நீட்டிய சாவி வகையை ஏற்க முடியாது என்று கட்டளை மறுத்துவிட்டது. அந்தக் கட்டளைக்கு அடியில் இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில், 2021-இல் வந்த 8.8-லிருந்து, ஷா-1 என்ற பலவீனமான முறையில் கையொப்பமிடும் பழைய ஆர்எஸ்ஏ சாவி முறையை இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறார்கள். கணினியைப் புதுப்பித்த பிறகு 'நேற்றுவரை இணைந்தது, இன்று இணையவில்லை' என்று பலர் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஃபைல்ஜில்லாவும் வின்எஸ்சிபியும் எஸ்எஃப்டிபிக்குப் புட்டி என்ற இணைப்பு மென்பொருளின் நிரலை எடுத்தாள்பவை. இரண்டும் அந்தப் பழைய சர்வரோடு பேசிவிட்டன. ஆனாலும் சரியான தீர்வு அச்சகம் சர்வரைப் புதுப்பிப்பதுதான். கேட்டிருக்கிறோம்.

தமிழ்ப் பெயர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய மென்பொருளில் 'கொடை நோட்டீஸ்' என்று பெயர் வைத்து அனுப்பினால் அந்தப் பக்கம் வெறும் கேள்விக்குறி வரிசையாகப் போய் நிற்கும். அதனால் பத்து வருடமாக எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் பெயர் வைத்துப் பழகியிருந்தோம். வின்எஸ்சிபியில் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறை வழியாகத் தமிழ்ப் பெயர் அப்படியே போய்ச் சேர்கிறது. மாடசாமி கோயில் கொடை நோட்டீஸை அந்தப் பெயரிலேயே அச்சகத் திரையில் படித்துவிட்டுத் தம்பி போன் செய்தான். ஃபைல்ஜில்லாவிலும் இது சரியாகவே வந்தது.

பாஸ்வேர்டு விஷயத்தில் இரண்டும் ஒரே நிலை. மாஸ்டர் பாஸ்வேர்டு (சேமித்த பாஸ்வேர்டுகளையெல்லாம் பூட்டி வைக்கும் ஒரு பாஸ்வேர்டு) வைக்காமல் சேமித்தால், அந்தக் கணினிக்குள் வந்தவர் எளிதில் எடுத்துவிடலாம். முதல் நாளே வைத்துவிடுங்கள். வின்எஸ்சிபியின் எல்லா அமைப்புகளையும் ஒரே ஃபைலாக வெளியே எடுக்க முடியும். நான் அதை ஒரு பென் டிரைவில் வைத்திருக்கிறேன். அடுத்த கம்ப்யூட்டர் மாற்றும்போது இந்த அலைச்சல் வேண்டாம். ஏற்கெனவே ஃபைல்ஜில்லாவில் சர்வர்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களின் பட்டியலையும் வின்எஸ்சிபி இழுத்துக்கொள்ளும்.

சைபர்டக்கை நான் விண்டோஸில் நான்கு நாள்தான் வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் அருகருகே தெரியும் சன்னலுக்குப் பழகிய கைக்கு அது ஒட்டவில்லை. ஆனால் சின்னண்ணன் மகன் செம்பூரில் மேக் வைத்து வேலை பார்க்கிறான். அவனுக்கு வின்எஸ்சிபி கிடையாது. சைபர்டக்கின் அமைப்பில், பரிமாற்றங்கள் பகுதியில், தற்காலிகப் பெயரில் ஏற்றும் வசதி உண்டு. அதை நாமே போய் டிக் செய்ய வேண்டும். அவன் கணினியில் போன மாதம் செய்து கொடுத்தேன். இதுவரை பத்திரிகைகளும் நோட்டீஸும்தான் அதன் வழியாகப் போயிருக்கின்றன. ஒரு ஜிபி மலர் ஒன்று பாதியில் லைன் அறுந்து, மறுபடி இணைந்து முழுதாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மேக் வைத்திருப்பவர்களுக்கு அதைத் துணிந்து சொல்வேன்.