ஐஆர்க்யூஃபிக்ஸப்பா, ஐஆர்க்யூபோலா? இன்டரப்ட் சிக்கலுக்கு லினக்ஸ் பூட் ஆகும்போது கொடுக்கும் இந்த இரண்டு ஆப்ஷன்களில் (irqfixup, irqpoll) எதைப் போடுவது?

இன்டரப்ட் என்பது ஒரு சாதனம் 'என்னைக் கவனி' என்று பிராசஸருக்கு அனுப்பும் சிக்னல்; பல சாதனங்கள் ஒரே லைனைப் பகிரலாம். லினக்ஸில் ஒரு லைனில் வரும் 1,00,000 இன்டரப்டில் 99,900-க்கு மேற்பட்டவற்றை எல்லா டிரைவர்களும் 'என்னுடையதல்ல' என்று கைவிரித்தால், கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 'நோபடி கேர்ட்' (nobody cared, யாரும் கண்டுகொள்ளவில்லை) என்று புலம்பிவிட்டு அந்த லைனையே மூடிவிடும், அப்புறம் அதைப் பகிரும் யூஎஸ்பியோ நெட்வொர்க் கார்டோ சேர்ந்தே முடங்கும்.

பூட் வரியில் ஐஆர்க்யூஃபிக்ஸப் கொடுத்தால், யாரும் ஏற்காத இன்டரப்ட் வரும்போது மட்டும் மற்ற லைன்களின் ஹேண்ட்லர்களையும் (இன்டரப்டைக் கவனிக்கும் டிரைவர் கோடு) கூப்பிட்டுப் பார்க்கும். செலவு குறைவு. ஆனால் இன்டரப்டே வராமல் தொலைந்தால்? அங்கே இது சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஐஆர்க்யூபோல் அதோடு நிற்காமல், டைமர் அடிக்கும்போதெல்லாம் எல்லா ஹேண்ட்லர்களையும் தட்டி எழுப்பும், அதனால் தொலைந்த இன்டரப்டின் வேலையும் நடந்துவிடும், வேகம்தான் அடிவாங்கும்.

நான் முதலில் ஃபிக்ஸப்தான் போடுவேன். இரண்டுமே சொதப்பலான ஃபர்ம்வேருக்கு (போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) ஒட்டுப்போடும் வேலைதான். 'என்னுடையதல்ல' என்று தப்பாகச் சொல்லும் டிரைவரை இவை திருத்தாது.