கச்சானுக்கும் வாடைக்கும் ஈடுகொடுக்கும் புரொப்பெல்லர் எது?

திருகோணமலையின் சீனக்குடா விமானத்தளத்தில் நிறுத்தியிருக்கும் விமானங்களின் முன்பக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். விமானப்படையின் பயிற்சி விமானமான செஸ்னா 150இன் புரொப்பெல்லர், வீட்டு மின்விசிறி போல அகலமான முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் வை-12 அல்லது செஸ்னா காரவன் என்ற சிறு பயணி விமானம் ஒன்று நின்றால், அதன் அலகுகள் திருப்பிப் பிடித்த கத்தியைப் போல விளிம்பை மட்டும் காட்டும். ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால், அலகின் கோணம் மாறாத வகையா, மாறும் வகையா, எது மேல் என்ற பழைய வழக்குக்குள் போக வேண்டியிருக்கிறது.

முதலில் கோணம் மாறாத வகை. ஒரே அலுமினியக் கலவைத் துண்டில் இரண்டு அலகுகள். தொழிற்சாலையில் முறுக்கிய கோணம்தான் ஆயுள் முழுவதற்கும். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குத் திருகாணியின் புரியிடைத்தூரம் நினைவிருக்கும்: ஒரு முழுச் சுற்றுக்குத் திருகாணி முன்னேறும் தூரம். புரொப்பெல்லரின் பிட்ச் என்பதும் அதுதான்; அலகின் கோணம் கூடினால் பிட்சும் கூடும். காற்று மரத்தைப் போல இறுகியதல்ல என்பதால், கணக்கில் வரும் தூரத்தை விடச் சற்றுக் குறைவாகவே விமானம் நகரும்.

திருக்கடலூரில் மீன்பிடித் தொழில் செய்யும் என் மாமா ஒருமுறை பிட்ச் கூடிய புரொப்பெல்லர் ஒன்றைத் தன் போட் எஞ்சினுக்கு மாட்டினார். வெறும் போட்டில் காற்றாய்ப் பறந்தார். ஐஸ் பெட்டியும் வலையும் ஏறிய பிறகு போட் மூக்கைத் தூக்கியபடியே நீரை உழுதது. எஞ்சின் முனகியதே தவிரச் சுற்று ஏறவில்லை. "மருமகன், எஞ்சினை ஏமாற்றி விற்றுவிட்டார்கள்" என்று கடைக்காரரோடு சண்டைக்குக் கிளம்பினார். எஞ்சினில் ஒரு பிழையும் இல்லை. ஒரு கோணம் ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும்; மற்ற வேகங்களில் அது சமாளிப்பு மட்டுமே.

செஸ்னா 150க்கும் இதே நோய் உண்டு. அதன் எஞ்சினின் 100 குதிரைவலு என்பது நிமிடத்துக்கு 2,750 சுற்றில் கிடைப்பது. ஓடுபாதையில் நின்றபடி முழுதாக முடுக்கினால் 2,400ஐ அண்டித்தான் நிற்கும். அதாவது, வலு மிக அவசியமான புறப்பாட்டு நேரத்தில் முழு வலு கைக்கு வருவதில்லை. அப்படியிருந்தும் மாணவர்களுக்கு இதுவே உகந்தது என்பேன். கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை.

அடுத்தது, பறக்கும்போதே கோணத்தை மாற்றிச் சுற்று வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் வகை. இதன் மூளைக்குப் பெயர் கவர்னர். திருகோணமலையில் கவர்னர் என்றால் மாகாண ஆளுநர்தான் நினைவுக்கு வருவார். இவர் கைக்கு அடங்கும் அளவிலான பெட்டி. உள்ளே எஞ்சினோடு சேர்ந்து சுழலும் சிறு எடைகளும், அவற்றை அமுக்கும் ஒரு சுருள்வில்லும் இருக்கின்றன. சுற்று கூடினால் எடைகள் வெளியே விரிந்து ஒரு வால்வைத் தூக்கும். குறைந்தால் சுருள்வில் அதைக் கீழே தள்ளும். அந்த வால்வு எஞ்சின் எண்ணெயைப் புரொப்பெல்லரின் குடத்துக்குள், அதாவது அலகுகள் பொருந்தும் நடுப்பகுதிக்குள், செலுத்தும் அல்லது வெளியே விடும். குடத்திலுள்ள பிஸ்டன் நகர, அலகுகள் திரும்பும். விமானி நீல நிறக் கைப்பிடியை அசைக்கும்போது அவர் மாற்றுவது கோணத்தை அல்ல, அந்தச் சுருள்வில்லின் இறுக்கத்தை. எந்தச் சுற்று வேண்டும் என்று சொல்வது மட்டும் அவர் வேலை. கோணத்தைக் கவர்னர் பார்த்துக்கொள்ளும்.

இதன் அருமை இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. 1937இல் வந்த, ஹரிகேன் என்ற பிரித்தானியப் போர் விமானங்களின் முதல் தொகுதிக்கு இரண்டு அலகு கொண்ட, கோணம் மாறாத மரப் புரொப்பெல்லர்தான். 1940 கோடையில், போர் உச்சத்தில் இருந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் போர் விமானங்களைப் படைத்தளங்களிலேயே சுற்று வேகம் மாறாத இந்த வகைக்கு மாற்றினார்கள். மேலேறும் வேகத்திலும் எட்டும் உயரத்திலும் பலன் உடனே தெரிந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சீனக்குடாவிலிருந்து எழுந்த பிரித்தானிய விமானப்படையின் 261ஆவது படைப்பிரிவினர் ஓட்டியதும் ஹரிகேன்களே. அதற்குள் இரண்டு அலகு மரத்தின் காலம் முடிந்திருந்தது.

ஆனால் இரண்டையும் ஒப்பிடுபவர்கள் வேகத்தையே பேசிவிட்டு, எண்ணெய் அழுத்தம் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியம். கோணம் மாறாத வகைக்கு ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு பிஸ்டன் எஞ்சின் உள்ள விமானங்களில் பெரும்பாலும் எண்ணெய் அழுத்தம் கோணத்தைக் கூட்டுவதற்குப் பயன்படுகிறது. அழுத்தம் போனால் அலகுகள் சிறு கோணத்துக்குத் திரும்பிவிடும். எஞ்சின் ஓடும்வரை முன்னால் இழுக்கும் விசை கிடைக்கும். இரட்டை எஞ்சின் விமானங்களில் ஏற்பாடு தலைகீழ்: எண்ணெய் கோணத்தைக் குறைக்கிறது, சுருள்வில்லும் எதிரெடைகளும் கூட்டுகின்றன. அழுத்தம் போனால் அலகுகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். செத்த எஞ்சினின் புரொப்பெல்லர் பலகை போல நின்று காற்றைத் தடுத்தால், மற்ற எஞ்சினும் சேர்ந்து தோற்க வேண்டிவரும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அதே கோளாறுக்கு ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு விடைகள், இரண்டும் சரி. வை-12இன் டர்பைன் எஞ்சினை அணைத்ததும் எண்ணெய் அழுத்தம் இறங்கி, சுருள்வில் தன் வேலையைச் செய்துவிடுகிறது. நாம் தொடக்கத்தில் பார்த்த கத்தி விளிம்பு அதுதான். காரவனுக்கு எஞ்சின் ஒன்றே என்றாலும் அதுவும் டர்பைன் என்பதால் இதே வழி.

மாட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செஸ்னா 150இல் எஞ்சின் சுழற்றும் கிராங்க் தண்டின் முனையில் ஒரு வட்டத் தட்டு. அதில் ஆறு போல்ட்டுகள், அளந்த முறுக்கில் இறுக்கி, கம்பியால் பூட்டுப் போட வேண்டும். பழைய பெரிய எஞ்சின்களில் பல் வெட்டிய தண்டு, முன்னும் பின்னும் கூம்பு வளையங்கள், நடுவில் ஒரே பெரிய நட்டு. மாமாவின் எஞ்சினிலும் பல் வெட்டிய தண்டும் ஒரு நட்டும்தான்! மாட்டிய பிறகு அலகு நுனிக்கு அருகே ஒரு கட்டையை வைத்து, கையால் சுற்றி, இரண்டு நுனிகளும் ஒரே தடத்தில் வருகின்றனவா என்று பார்ப்பார்கள். உலோக அலகுகளில் ஒன்றரை மில்லிமீற்றர் விலகினாலே காரணம் தேட வேண்டும். அணைத்த எஞ்சினாக இருந்தாலும் கை வைக்கும்போது அது சட்டென ஓடத் தொடங்கும் என்றே நினைக்க வேண்டும். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மக்னீற்றோவை அணைக்கும் வயர் ஒன்று அறுந்திருந்தால் போதும்.

இனி புரொப்பெல்லரை எந்தப் பொருளில் செய்வது என்ற கேள்வி. நம் ஊர்க் காற்று இங்கேதான் குறுக்கிடுகிறது.

மரத்தின் மேல் எனக்குப் பாசம் உண்டு. பல படலங்களை ஒட்டிச் செதுக்கிய மர அலகு அதிர்வை உள்வாங்கும், பாரமும் குறைவு. ஆனால் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மரம் காய்ந்து சுருங்கும், போல்ட்டுகள் தளரும். வாடை என்ற வடகிழக்குக் காற்றோடு மழை வந்தால் ஊறிப் பருத்து, அதே போல்ட்டுகள் மரத்தை நசுக்கும். பருவத்துக்குப் பருவம் முறுக்கைச் சரிபார்க்க ஆளில்லாவிட்டால் இங்கே மரம் வேண்டாம்.

அலுமினியத்துக்குப் பகை உப்பும் கல்லும். ஒவ்வொரு அலகையும் சுழற்சி பல தொன் விசையோடு வெளியே இழுக்கிறது. முன்விளிம்பில் நகம் இடறும் அளவுக்கு ஒரு வெட்டு இருந்தால் வெடிப்பு அங்கிருந்து தொடங்கும். ஆகவே அந்த வெட்டை அரத்தால் இழைத்து, அதன் ஆழத்தைப் போலப் பத்து மடங்கு நீளத்துக்குச் சரிவாக மறையச் செய்கிறார்கள். பறந்து வந்ததும் நல்ல தண்ணீரில் துடைப்பது இங்கே பாதிப் பராமரிப்பு. கோணம் மாறும் வகைக்கு இன்னொரு செலவு: சுமார் 2,000 மணிநேரப் பறப்புக்கு ஒருமுறை மட்டுமல்ல, பறக்காமல் கிடந்தாலும் ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். குடத்துக்குள் ஏறும் துரு பறந்த மணிக்கணக்கைப் பார்ப்பதில்லை.

கார்பன் இழை அலகுகளுக்குத் துரு இல்லை. முன்விளிம்பில் நிக்கல் கவசம். விலை மட்டும் மூச்சடைக்க வைக்கும். பயிற்சிக்கு இன்றும் கோணம் மாறாத அலுமினியத்தையும், பயணிகளோடு கடலுக்கு மேல் பறப்பதற்குக் கார்பன் அலகு பூட்டிய கோணம் மாறும் வகையையும் தேர்வேன். கார்பனின் உள்ளே படலங்கள் ஒட்டு விட்டிருக்கின்றனவா என்று அறிய, நாணயம் ஒன்றால் தட்டிக்கொண்டே போய்க் காது கொடுத்துக் கேட்கிறார்கள்: நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், விட்ட இடம் பொத்தென்று கேட்கும்.