வால்வ் ஆம்ப் ரிப்பேருக்கு ரிச்சி தெரு

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களை (வால்வ்) வைத்துக் கிட்டார் ஒலியைப் பெருக்குகிற பெட்டிதான் வால்வ் ஆம்ப். சென்னையில் அதை ரிப்பேர் செய்ய ஆள் கிடைக்குமா? கிடைக்கும். ஆனால் கிட்டார் கடைகளில் தேட வேண்டாம். பழைய வால்வ் ரேடியோக்களைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்காகப் பார்த்துக் கொடுங்கள். ஈஎல்84, ஈசிசி83 என்று இன்று கிட்டார் ஆம்பில் எரிகிற வால்வுகள் பலவும் அந்த ரேடியோக்களிலும் இருந்தவைதான்.

அண்ணன் மகன் வைத்திருப்பது அமெரிக்காவிலிருந்து வந்த 15 வாட் ஆம்ப். 120 வோல்ட் என்பதால், நம் ஊர் 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கிற ஒரு ஸ்டெப் டவுன் பெட்டி வழியாக ஓடுகிறது. கொஞ்ச நாளாக ஒரே இரைச்சல், நடுநடுவே பட்பட்டென்று வெடிப்பு. போதாததற்கு, கிட்டார் கம்பியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஒரு ஷாக். இந்த முறை நான் ஊருக்குப் போனபோது முதலில் ஒரு சர்வீஸ் சென்டருக்குத்தான் எடுத்துப் போனோம். மூடியைக்கூடக் கழற்றவில்லை. போர்டையே மாற்ற வேண்டும், வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். நோயாளியின் நாடியைப் பிடிக்காமலே மருந்து எழுதிக் கொடுத்ததுபோல் இருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது.

அப்புறம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடக்கிற தூரம்தான். செல்போன், சிசிடிவி கடைகளைத் தாண்டி, கண்டென்சர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற பாகம்) விற்கிற ஒரு சின்னக் கடையில் விசாரித்தோம். பக்கத்துச் சந்தில் மாடியில் இருக்கும் ஒரு பெரியவரைக் காட்டினார்கள்.

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்பே கேள்விகளை ஆரம்பித்தார். “வால்யூமைக் குறைச்சா இரைச்சல் குறையுதா தம்பி?” குறையவில்லை என்றான் அண்ணன் மகன். “அப்போ உள்ளே வர்ற சிக்னல்ல கோளாறு இல்ல. பவர் பக்கம் பார்ப்போம்.” பிறகு இவனை ஆறாவது கம்பியில் மூன்றாவது கட்டைப் பிடித்து வாசிக்கச் சொன்னார். அது ஜி, 98 ஹெர்ட்ஸ். இரைச்சலும் ஏறக்குறைய அதே சுருதியில் நின்றது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை டிசி ஆக்கும்போது மிஞ்சுகிற அலை 100 ஹெர்ட்ஸ். அதை வடிகட்ட வேண்டியவை ஃபில்டர் கண்டென்சர்கள். அவை காய்ந்துபோனால் அந்த அலை அப்படியே ஸ்பீக்கருக்கு வந்துவிடும். இரைச்சல் இதற்கு ஒரு ஸ்தாயி கீழே, 50 ஹெர்ட்ஸில் கேட்டால் எர்த்தையோ வயரிங்கையோ சந்தேகப்பட வேண்டுமாம். மீட்டர் எடுக்காமல், காதை மட்டும் வைத்தே வழியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

காது சொன்னதை அவர் அப்படியே நம்பிவிடவும் இல்லை. சின்ன வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் இரைச்சல் நின்றபாடில்லை. ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு ரெசிஸ்டரை வைத்துக் கண்டென்சர்களில் தேங்கியிருந்த மின்சாரத்தை இறக்கினார். மீட்டரில் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் உள்ளே கை வைத்தார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கே 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். யூடியூப் பார்த்து வீட்டில் திறக்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள், ஆளைக் கொன்றுவிடும்.

ஃபில்டர் கண்டென்சர்களில் இரண்டு உப்பியிருந்தன. 22 மைக்ரோஃபாரட், 450 வோல்ட். கடையில் 85 டிகிரி சரக்கைக் கொடுத்தார்கள். அதைத் திருப்பி அனுப்பி, 105 டிகிரி தாங்குவதையே வாங்கி வரச் சொன்னார். வால்வ் சூட்டோடு சென்னை வெயிலும் சேர்ந்தால் மற்றது சீக்கிரம் காய்ந்துவிடும் என்றார்.

மாற்றியதும் நேராக மின்சாரத்தில் சொருகவில்லை. சீரிஸ் போர்டில் 100 வாட் குண்டு பல்பு வழியாகக் கொடுத்தார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், ஆம்புக்கு ஒன்றும் ஆகாது. பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கியது. சரி, ஷார்ட் இல்லை. பிறகு மரக்குச்சியால் ஒவ்வொரு இடமாகத் தட்டினார். ஒரு வால்வ் சாக்கெட்டைத் தொட்டதும் பட்பட். அதன் காலில் ட்ரை சால்டர், அதாவது ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பு. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்ததும் வெடிப்பும் நின்றது.

வீட்டுக்கு வந்து சொருகினால் மெல்லிசாக மீண்டும் ஓர் இரைச்சல்! போன் செய்தோம். “இங்க சுத்தமா இருந்துச்சே. அந்த ஸ்டெப் டவுன் பெட்டியையும் எடுத்துட்டு வாங்க.” பெட்டியைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. வெளியே மூன்று பின் சாக்கெட், உள்ளே எர்த் துளைக்கு வயரே கொடுக்கவில்லை. கம்பியைத் தொட்டபோது அடித்த ஷாக்குக்கும் அதுதான் காரணம். எர்த் வயரை இழுத்துச் சேர்த்தார். “வீட்டு பிளக்லயும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல 230 பக்கம் காட்டுதான்னு எலெக்ட்ரீஷியனை வெச்சுப் பாத்துடுங்க சார்” என்று அனுப்பிவைத்தார். பார்த்தோம், சரியாக இருந்தது. இப்போது ஆம்ப் அமைதியாக இருக்கிறது. ஷாக்கும் இல்லை.

உதிரியோடு சேர்த்து 1,800 ரூபாய் வாங்கினார். நான் இருக்கும் நியூஜெர்சியில் ஆம்பைத் திறந்து பார்ப்பதற்கே அதைவிட அதிகம் கேட்பார்கள். பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. எங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, எதை ஏன் கழற்றுகிறார் என்று இவனுக்குப் புரியும்படி சொல்லிக்கொண்டே வேலை செய்தார். மாற்றிய பாகங்களையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி ஆம்புக்குள் ஒட்டியும் கொடுத்தார்.

குறை என்றால் வால்வுகள்தான். நாங்கள் கேட்ட கடைகளில் புது ஈஎல்84 இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்களே, இப்படி ஆம்ப் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் உங்களுக்கு ஊரில் இருந்தால், வரும்போது ஜோடி சேர்த்த ஈஎல்84 இரண்டும் ஈசிசி83 ஒன்றும் கைப்பையில் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. வாரநாளில் காலையிலேயே போய்விடுங்கள்.