மடிக்கணினியைப் பழுதுக்குக் கொடுக்கும் முன் வட்டைக் கழற்றி வையுங்கள்

பன்னிரண்டு ஆண்டுகளாகத் தஞ்சாவூரில் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன். சென்ற கார்த்திகையில் ஒரு சர்வீஸ் கடையை நம்பி என் மடிக்கணினியைக் கொடுத்தேன். 13,500 ரூபாய் போனது. அதைவிடப் பெரிதாக, ஒரு முதியவரின் மூன்றரை மாத உழைப்பும் போனது. புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் ஏமாற்றிய விதத்தை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விதம் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது.

மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு ஒரு காலையில் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. சார்ஜ் விளக்கு இரண்டு முறை ஆரஞ்சாகவும் மூன்று முறை வெள்ளையாகவும் மாறி மாறி மின்னியது. என்னவென்று புரியவில்லை. சென்னையில் இருக்கும் அக்கா மகனுக்கு அனுப்பலாம் என்று அதைக் கைபேசியில் படம் பிடித்தேன். அந்த நாற்பது விநாடிப் படம்தான் பின்னால் எனக்குச் சாட்சியாக நின்றது. அவன் பார்த்துப் பதில் சொல்வதற்குள் பதற்றத்தில் கடைக்குப் போய்விட்டேன். அந்த வாரம் அச்சுக்குப் போக வேண்டிய புத்தகம் அதில் இருந்தது.

கடைக்காரர் திருகாணி ஒன்றைக்கூடக் கழற்றவில்லை. பொத்தானை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போய்விட்டது அக்கா. மாற்ற 9,800 ஆகும். இரண்டு நாளில் தந்துவிடுகிறேன்" என்றார். மதர்போர்டு என்பது எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை. உள்ளே வட்டில் இருக்கும் கோப்புகள் முக்கியம் என்று மூன்று முறை சொன்னேன். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, வட்டில் கையே வைக்க மாட்டோம்" என்றார். ஒரு டோக்கன் கொடுத்தார். அதில் எண்ணும் தேதியும் மட்டும் இருந்தன. என்ன மாடல், உள்ளே என்னென்ன இருந்தன, எதுவும் இல்லை.

இரண்டு நாள் ஒன்பது நாளானது. ஆறாவது நாள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. போர்டு மாற்றியாகிவிட்டதாம், ஆனால் பழைய போர்டு எரிந்தபோது கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டி வட்டும் சேர்ந்து எரிந்துவிட்டதாம், புதிய வட்டுக்கு 3,700 ரூபாய் தனியாம். அதைக் கேட்டபோது கை நடுங்கியது. அந்த வட்டில் இருந்தது என் சொந்தப் படங்கள் மட்டும் என்றால் மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் கிராமத்து வாய்க்கால்களின் வரலாற்றை எழுதுகிறார். வெட்டாற்றிலிருந்து பிரியும் ஒவ்வொரு கிளைக்கும், ஒவ்வொரு மதகுக்கும் ஊரார் வழங்கிய பெயர், தலைமடையிலிருந்து கடைமடைவரை எந்த வயலுக்கு எந்த முறையில் தண்ணீர் திறந்தார்கள் என்ற கணக்கு, எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகங்களில் எழுதி எடுத்து வருவார். நான் தட்டச்சு செய்வேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து திருத்தங்களை வாய்மொழியாகச் சொல்வார். ஆகஸ்ட் வரையிலான நகல் தனி வட்டில் இருக்கிறது. அதற்குப் பிறகு சேர்த்தவை அந்த மடிக்கணினியில் மட்டுமே இருந்தன. அவற்றில் ஒரு பகுதி, ஊரில் தண்ணீர் பாய்ச்சும் முறையைக் கவனித்துவந்த பெரியவர் ஒருவர் நேரில் வந்து எங்களிடம் சொன்னவை. அந்தப் பெரியவர் அக்டோபரில் இறந்துவிட்டார்.

பழைய வட்டைத் திருப்பிக் கேட்டேன். முதலில் குப்பையில் போட்டுவிட்டேன் என்றார். குப்பையிலிருந்து எடுத்துத் தாருங்கள் என்றதும் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன் என்றார். ரசீது கேட்டேன். "பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் அக்கா, 15,930 ஆகிவிடும்" என்றார். வேலை தேங்கி நிற்கிறது, கையில் வேறு கணினி இல்லை. 13,500 ரூபாயை யுபிஐ வழியாக அனுப்பிவிட்டு வாங்கி வந்தேன். பணம் போனது கடைக் கணக்குக்கு அல்ல, தனி மனிதர் ஒருவரின் கணக்குக்கு என்பதைக்கூட அன்றிரவுதான் பார்த்தேன்.

பொய் வெளிப்பட்டது நான் வாரம் இரண்டு நாள் போகும் அச்சகத்தில். அங்கே இணைய இணைப்புக்குக் கணினிகளின் மேக் எண்ணை, அதாவது இணைப்புச் சில்லுக்கு உரிய தனி அடையாள எண்ணை, பதிந்துவைத்திருக்கிறார்கள். பதியாத கணினிக்கு இணையம் கிடைக்காது. கேபிள் செருகும் லேன் இணைப்பின் சில்லு மதர்போர்டிலேயே இருக்கிறது, போர்டை மாற்றினால் அந்த எண்ணும் மாறிவிடும். நான் கேபிளைச் செருகியவுடன் இணையம் வந்துவிட்டது. அங்கே வேலை செய்யும் பையன்தான் முதலில் கேட்டான்: "அக்கா, போர்டு மாற்றியதாகச் சொன்னீர்களே, பிறகு எப்படிப் பழைய எண்ணிலேயே இணைகிறது?" அடிப்பக்க ஒட்டியில் உள்ள வரிசை எண்ணும் விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் திரையில் தெரியும் வரிசை எண்ணும் ஒன்றாகவே இருந்தன. மாற்றுப் போர்டிலும் பழைய வரிசை எண்ணை எழுதிவிட முடியும் என்பதால் அதை மட்டும் வைத்து நான் குற்றம் சாட்டவில்லை. மேக் எண்ணும் சேர்ந்தபோது சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வாங்கியபோது 8 ஜிபி ரேம் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம்) இரண்டு, மொத்தம் 16 இருந்தது, பழைய பில்லிலும் அப்படித்தான் இருக்கிறது. இப்போது 8 மட்டுமே காட்டியது. பெரிய புத்தகத்தைத் திறந்தால் பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைன் திணறியதற்குக் காரணம் அதுதான். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, 'புதிய' வட்டு எத்தனை மணிநேரம் ஓடியிருக்கிறது என்று பார்த்தோம். 21,400 மணிநேரம். இரவு பகலாக ஓடினாலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்த வட்டு அது. என் நல்ல வட்டை எடுத்துக்கொண்டு, வேறு யாருடைய கணினியிலிருந்தோ கழற்றிய கிழட்டு வட்டை எனக்குப் புதிது என்று விற்றிருக்கிறார்கள்.

அச்சகத்துக்காரர் சொன்ன இன்னொரு பழுதுபார்ப்பவரிடம் போனேன், வயதானவர். என் கைபேசிப் படத்தைப் பார்த்தவுடன், "அம்மா, இரண்டு ஆரஞ்சு, மூன்று வெள்ளை. உங்கள் மாடலில் ரேம் தெரியவில்லை என்று அர்த்தம். கையேட்டிலேயே இருக்கிறதே" என்றார். திறந்து காட்டினார். ஒரு ரேம் துளை காலியாக இருந்தது. மற்றதில் இருந்த ரேமின் தொடுமுனைகள் அண்மையில் துடைக்கப்பட்டுப் பளபளத்தன. மழைக்கால ஈரத்தில் அந்த முனைகளில் படலம் படிந்து தொடர்பு விட்டுப்போவது அடிக்கடி நடப்பதுதான் என்றார். கழற்றி, துடைத்து, திரும்பச் செருக வேண்டிய வேலை. இதற்குத் தாம் 300 ரூபாய் வாங்குவதாகச் சொன்னார். அன்று என்னிடம் பணமே வாங்கவில்லை.

அவரிடம் ஒரு மணிநேரம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். திரை கறுப்பாக இருந்தால் முதலில் கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு அழுத்தும்போதெல்லாம் எரிந்து அணைந்தால் கணினி பெரும்பாலும் உள்ளே இயங்குகிறது, பழுது திரையிலோ அதன் கேபிளிலோ இருக்கலாம். எச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் இணைத்தால் படம் வரக்கூடும். விளக்கு தானாகவே கணக்காக மின்னினால் அது பழுதைச் சொல்லும் குறியீடு. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஆகவே எண்ணி எழுதிக்கொண்டு உங்கள் மாடலின் கையேட்டில் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரைச் செருகித் தொடங்கினால் சில கணினிகள் எழுந்துவிடும். அதற்கு ஒரு காசும் செலவில்லை. திரையில் எழுத்து வந்து, தொடங்குவதற்கு வட்டு எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் செய்தி காட்டினால், சிக்கலை வட்டிலோ விண்டோஸிலோதான் முதலில் தேட வேண்டும். அப்போது எடுத்த எடுப்பில் 'ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று சொல்பவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள். பயாஸில் வட்டு தெரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தெரிந்தால், உபுண்டு என்ற இலவச இயங்குதளம் ஏற்றிய பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கிக் கோப்புகளைப் பெரும்பாலும் நகலெடுத்துவிடலாம். எஸ்எஸ்டியை ஃபார்மட் செய்துவிட்டால் பழைய வன்தட்டுகளைப் போல மீட்பது எளிதல்ல. அழித்த இடங்களை அது தானாகவே துடைத்துவிடுகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக அவர் சொன்னது தலைப்பில் உள்ளது. போர்டு பழுது என்றால் போர்டைப் பார்க்க உங்கள் வட்டு தேவையில்லை. பெரும்பாலான மடிக்கணினிகளில் அடிமூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பை விலக்கி, ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் வட்டு கையில் வந்துவிடும். உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் உங்கள் கண் முன்னால் கழற்றித் தரச் சொல்லி, வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வாருங்கள். மறுக்கும் கடையிலிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள். சில மாடல்களில் வட்டு போர்டோடு பற்றவைத்திருக்கும். அங்கே கழற்ற வழியில்லை. திறந்த நிலையில் ரேம், வட்டு இவற்றின் வரிசை எண்களைப் படமெடுத்து, அவற்றை டோக்கனில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

கோப்புகள் போன துக்கத்தில் நான் மறந்திருந்த ஒன்றையும் அவர்தான் நினைவுபடுத்தினார். என் வட்டு எரியவில்லை என்றால் அது இப்போது யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. வங்கிக் கடவுச்சொற்களை உலாவி நினைவில் வைத்திருந்தது. வீட்டில் எல்லோருடைய ஆதார், பான் நகல்களும் அதில் இருந்தன. அன்றிரவு இரண்டு மணிவரை விழித்திருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினேன், எல்லாக் கணக்குகளிலும் பழைய சாதனத்தை வெளியேற்றினேன். ஆதார் நகலை என்ன செய்ய முடியும்? வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கத்தை நான் இயக்கியிருந்தால் வட்டு வெளியே போனாலும் யாராலும் படிக்க முடிந்திருக்காது. அதை இயக்குபவர்கள் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே போர்டு மாறினால் பழைய வட்டு அந்த எண்ணைக் கேட்கும்.

கடைக்குத் திரும்பப் போனேன். 'அப்படியெல்லாம் எதுவும் இல்லை' என்று குரலை உயர்த்தினார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது பெற்றேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்தேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. பில் இல்லாததால் வழக்கு நிற்காது என்று பயந்தேன். யுபிஐ விவரமும், போர்டு மாற்றியதாகச் சொன்ன குரல் செய்தியும், விளக்கு மின்னும் படமும் இருக்கின்றன. மனுவோடு அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

தலைமையாசிரியர் ஐயாவிடம் சொல்லப் போன அன்று வாசலிலேயே கண் கலங்கி நின்றேன். அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. மறுநாளே நோட்டுப் புத்தகங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஆகஸ்ட் நகலிலிருந்து திருத்தங்களை மறுபடி தொடங்கியிருக்கிறோம். நேற்று மாலை 64-ஆம் பக்கத்துக்கு வந்தோம். இறந்துபோன பெரியவர் சொன்ன மதகுப் பெயர்களில் ஐயாவுக்கு நினைவில் இருந்தவை பதினொன்று. எத்தனை சொன்னார் என்பது எங்கள் இருவருக்குமே சரியாக நினைவில்லை.